‘திரு’ என்ற ஒரே சொல்லோடு அண்ணாமலையைச் சுற்றினோம்

இந்தத் தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, என் அண்ணனை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் கிரிவலம் போய்வந்தேன். பாதை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். கால் நன்றாக இருப்பவர்கள் நான்கு மணி நேரத்தில் சுற்றிவிடுவார்கள். நாங்கள் மூன்று காலைகள் எடுத்துக்கொண்டோம். பக்கவாதம் வந்தவர்களைக் கிரிவலத்துக்கு அழைத்துப்போகலாமா என்று இந்தப் பக்கத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அதோடு அந்தப் பாதையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் பெயர் குணசேகரன். கீழ்பென்னாத்தூரில் ‘மைக்செட் குணா’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது தொழில். ஆனால் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு வருகிறவர் இல்லை அவர். அறிவிப்பும் அவரே செய்வார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் விழா, சாவு, எதுவானாலும் சுற்றுப்பட்டு ஊர்களில் அவர் குரல்தான். ‘உயர்திரு’, ‘திருவாளர்’, ‘திருமதி’, ‘திருத்தேர்’, ‘திருவிளக்குப் பூஜை’ என்று முப்பது வருடம் மைக்கில் பேசிய மனிதர்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், மூளையில் ரத்தக்கட்டு வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் மெதுவாகத் திரும்ப வந்தது, பேச்சு வரவில்லை. நாம் சொல்வது எல்லாமே அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வெளியே வரும். ‘திரு.’

தண்ணீர் வேண்டுமென்றாலும் திரு. ஃபேனை நிறுத்து என்றாலும் திரு. வேண்டாம் என்பதற்கு வெட்டு வெட்டென்று இரண்டு முறை. மகள் விடுதியிலிருந்து போன் செய்தால் அதே சொல்லை அவ்வளவு நீளமாக, இழைத்துச் சொல்வார். அதிகம் புழங்கிய ஏதாவது ஒரு சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னார்.

ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஒரு சொல் தங்கியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பார்கள். ‘டீ’ என்றோ ‘ஹலோ’ என்றோ தங்கியிருந்தால் சிரித்திருப்பார்கள். தங்கியது ‘திரு’. செல்வம், அழகு, மேன்மை, தெய்வத்தன்மை என்று அகராதி பொருள் சொல்கிற சொல். நீற்றுக்கு முன்னால் போட்டால் திருநீறு, அடிக்கு முன்னால் போட்டால் திருவடி. முதலில் எதிர்வீட்டு அம்மாள் பேத்தியைக் கூட்டிவந்தார். பரீட்சைக்குப் போகிறாள், ஒருமுறை உங்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள் என்றார். அந்தப் பெண் தேறிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆறேழு பேர் வாசலில் நின்றார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் மாலையோடு வந்தார்.

அண்ணன் அன்றைக்குப் பின்பக்கம் போய், ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருக்கும் கொட்டகைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அதன்பிறகு தெருவில் கால்வைக்கவே மறுத்துவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கும் போகவில்லை. மொட்டை மாடியில் மட்டும் நடந்தார். சவரம் செய்யவும் விடவில்லை. இப்படியே அடைந்து கிடந்தால் வந்த காலும் மறுபடி மடங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்ததும் அண்ணி எனக்குப் போன் செய்தார்.

“சித்ரா, நான் வேண்டிக்கினு இருக்கேன், மலைய ஒரு சுத்து சுத்தவைக்கிறேன்னு. நீ வந்து கூப்ட்டா வருவாரு.”

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. பயிற்சிப் பெண் ஒருமுறை சொல்லியிருந்தார்: “அந்தச் சொல்லைப் பிடிச்சிக்கிட்டே அடுத்த எழுத்துக்கு இழுங்க.” பெயரிலேயே ‘திரு’ இருக்கும் ஊர். பலகைக்குப் பலகை ‘திரு’ இருக்கும் ஊர். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். அண்ணியின் வேண்டுதலும் என் பாடத்திட்டமும் ஒரே பையில் ஏறின. அண்ணன் எதற்கு ஒத்துக்கொண்டார் என்றால், அங்கே அவரை யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன். உடனே இடது கையால் வேட்டி சட்டையை எடுத்துப் பையில் திணித்தார்.

நான் இருக்கும் சென்னையில், கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் கீழ்பென்னாத்தூர் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து திருவண்ணாமலை இருபது கிலோமீட்டருக்குள்தான். பேருந்து நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு லாட்ஜில், தரைத்தளத்தில், மேற்கத்திய கழிப்பறையோடு அறை எடுத்தோம். ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். பௌர்ணமி நாளில் இந்த விலைக்குக் கனவில்கூட அறை கிடைக்காது. லாட்ஜ்காரர் மூலம் சாதிக் என்ற ஆட்டோக்காரத் தம்பி கிடைத்தார். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடங்க வேண்டும், நடக்கும்போது கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வரவேண்டும் என்றேன். ஒரு காலைக்கு 400 ரூபாய் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் ஐந்தரை மணிக்கு ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். அண்ணி அண்ணன் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். அண்ணனின் வலது பாதம் கொஞ்சம் இழுபடும் என்பதால் அவருக்குப் பிடிமானமுள்ள கேன்வாஸ் ஷூ. அக்னி லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுச் செங்கம் சாலைக்கு வந்தோம். நான் வேலையை ஆரம்பித்தேன்.

“அண்ணா, அந்த போர்டப் பாரு. அருள்மிகு… அடுத்து இன்னா போட்டிருக்கு? திருக்…”

“திரு.”

“திருக்கோ…”

“திரு.”

“திருக்கோயில்,” என்று நானே முடித்தேன். திருமண மண்டபம் வந்தது, நானே முடித்தேன். ஊர்ப் பெயர்ப் பலகை வந்தது, அதையும் நானே முடித்தேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அண்ணன் பலகைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தார்ச்சாலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“இஸ்கூல் புள்ளைய கேக்குற மாதிரி கேட்டுக்கினே வராத சித்ரா. அவரு மனுசன்,” என்றார் அண்ணி.

செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடத்தோடு அன்றைக்கு நிறுத்திக்கொண்டோம். ஆட்டோவில் ஏறித் திரும்பினோம். சாதிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு ஏன் இந்த ஒரே வார்த்தை என்று கேட்டார். சொன்னேன்.

“நல்ல வார்த்தைதாங்க்கா தங்கியிருக்கு. எங்க பள்ளிவாசல்லயும் தமிழ்ல பேசும்போது திருக்குர்ஆன்னுதான் சொல்லுவாங்க. திருமறைன்னும் சொல்லுவாங்க. சர்ச்ல திருப்பலி. யாரும் அந்த வார்த்தைய எனக்கு உனக்குன்னு சண்ட போட்டு நான் பாத்ததில்ல,” என்றார்.

அண்ணன் முன்னால் குனிந்து இடது கையால் சாதிக்கின் தோளைத் தட்டினார். “திரு,” என்றார். அந்த நாளில் அவர் விருப்பத்தோடு சொன்னது அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் அதே திருப்பத்தில் ஆறு மணிக்கு இறங்கினோம். இந்தப் பகுதிதான் கிரிவலப் பாதையிலேயே அழகானது. இரண்டு பக்கமும் மரங்கள், வலப்பக்கம் மலை, தை மாதக் குளிர். பலகைகளை நான் கண்டுகொள்ளவில்லை. திருநேர் அண்ணாமலையார் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். அண்ணி ஃபிளாஸ்க்கிலிருந்து பால் ஊற்றப் போனார், நான் படம் எடுக்க நாலு அடி தள்ளிப் போனேன். இப்போது நினைத்துப் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் மேலும்தான் தப்பு. வெள்ளை வேட்டி, மார்புவரை தாடி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தடி. அந்தப் பாதையில் அப்படி ஒருவரைத் தனியாக உட்காரவைக்கலாமா?

கொங்குப் பக்கத்துக் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். அந்த ஆள் சட்டென்று தரையில் விழுந்து கும்பிட்டார். மனைவி வாழைப்பழச் சீப்பை அண்ணன் காலடியில் வைத்தார்.

“சாமி, பையன் துபாய்ல வேலையில்லாம ரூம்லயே கெடக்கறானுங்க. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க சாமி.”

அண்ணன் எழுந்திரு என்று கையைக் காட்டி, “திரு,” என்றார்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்த நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் வேகமாகத் தலையை ஆட்டி, “திரு, திரு,” என்றார். ‘இல்லை, நான் அது இல்லை’ என்று அர்த்தம். அவர்கள் இரட்டை ஆசி என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் விழுந்தார்கள்.

ஓடிப்போய் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கொட்டகை இருந்தது, இங்கே ஒன்றும் இல்லை.

“திரு…” என்றார். பிறகு உதடுகளை ஒட்டினார். ஒன்றரை வருடத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் உதடு ஒட்டி நான் பார்த்ததே இல்லை. “திரு… ம்…”

என் நாக்கு நுனியில் திருமால், திருமணம், திருமுறை எல்லாம் வரிசையில் நின்றன. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

“திரு… ம்… பு.”

அண்ணன் தடியைத் தூக்கிச் சாலையைக் காட்டினார். இந்த முறை உடையாமல் வந்தது. அவருடைய பழைய மைக் குரலில் வந்தது.

“திரும்பு.”

விழுந்து கிடந்தவர் மெதுவாக எழுந்து மனைவியைப் பார்த்தார். “கேட்டயா? திரும்பச் சொல்லிப்போட்டாரு. பையன ஊருக்கு வரச்சொல்லீரலாம், இங்கயே எதாவது பாத்துக்கலாம்,” என்றார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினார். அது அவர் மனதிலேயே ரொம்ப நாளாக இருந்த யோசனை போலிருக்கிறது. இருவரும் அவ்வளவு நிம்மதியோடு நடந்துபோனார்கள்.

அண்ணன் அவர்கள் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணி அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஃபிளாஸ்க்கில் இருந்த பால் முழுக்கத் தரையில் ஓடியது. யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை எழுதினால் நம்ப மாட்டீர்கள். அண்ணன் அந்தச் சொல்லை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். குரங்குக்குக் கொடுத்தார். குறுக்கே வந்த நாய்க்குக் கொடுத்தார். சாதிக் ஓடிவந்து, “ணா, வண்டியத் திருப்பட்டா?” என்றதும், “திரும்பு,” என்றார். சாதிக் உண்மையிலேயே ஆட்டோவில் ஏறி, ஆள் இல்லாத சாலையில் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு வந்து நின்றார்.

“அண்ணாமலையார் குடுத்த வார்த்தை,” என்றார் அண்ணி.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணி, இது அந்தத் திரு இல்ல. திருநீறு, திருவடியில வர்ற திரு வேற. திரும்புறது வேற. சத்தம்தான் ஒண்ணு.”

“வேறயா இருந்தா இன்னா? ஒன்றர வருசமா மூடியிருந்த கதவு. எந்தச் சாவி போட்டுத் தொறந்தா இன்னா உனக்கு?”

நான் கீழே கிடந்த ஃபிளாஸ்க்கை எடுத்து மூடினேன்.

அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஒரு டீக்கடையில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் கீச்சென்று காதைக் கிழித்தது. கடைக்காரர் பழகிவிட்டார் போல, டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. நேராகக் கடைக்குள் போய் ஆம்ப்ளிஃபையர் முன்னால் நின்றார். ஒரு குமிழைக் காட்டினார்.

“திரு… திருகு.”

“இன்னா சார்?”

“திருகு,” என்றார் அண்ணன், இடது கை விரல்களால் காற்றில் திருகிக் காட்டி. கடைக்காரர் திருகினார். கீச்சு நின்று, பாட்டு தெளிவாக வந்தது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் நின்று இரண்டாவது டீயும் குடித்தோம். அன்று மதியம் அண்ணன் லாட்ஜ் பக்கத்து சலூனுக்குத் தானாகவே போய் உட்கார்ந்து தாடியை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அடி அண்ணாமலையிலிருந்து கோயில்வரை. இதுதான் நீளம் ஜாஸ்தி, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். வாயு, சந்திர, குபேர லிங்கங்களைத் தாண்டி, ஈசான்ய லிங்கத்தில் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு, பத்து மணிவாக்கில் ராஜகோபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். சவரம் செய்த முகத்தோடு, ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் தடியை ஊன்றிக் கோபுர வாசலைத் தாண்டியபோது அண்ணி பின்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். வேண்டுதல் முடிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

பொது வரிசையில் முக்கால் மணி நேரம். கருவறை முன்னால் எப்போதும் போல நெரிசல். தீபாராதனை தொட்டுக்கொண்டு நகர வேண்டும். குருக்கள் அண்ணன் கையில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்துத் திரும்பினார். அண்ணன் நகரவில்லை. உள்ளங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“திரு…”

“போங்க சார், பின்னாடி ஆள் இருக்கு,” என்றது ஒரு குரல்.

“திரு… நீ…”

அண்ணி அவர் பக்கத்தில்தான் நின்றார். அந்தச் சொல் அண்ணியின் வாய்க்குள் முழுசாக இருந்ததை நான் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். குருக்கள் என்ன புரிந்துகொண்டாரோ, தட்டை அப்படியே நிறுத்தினார். “சொல்லுங்கோ. நிதானமாச் சொல்லுங்கோ,” என்றார். பின்னால் இருந்த குரலும் அடங்கிவிட்டது. அண்ணாமலையார் சந்நிதியில் ஒரு வரிசை முழுக்க என் அண்ணனின் ஓர் எழுத்துக்காக நின்றது.

“நீ… று. திருநீறு.”

சொல்லிவிட்டு, அதை நெற்றியில் அவரே இட்டுக்கொண்டார், இடது கையால், கோணலாக. அண்ணியின் நெற்றியிலும் இட்டுவிட்டார்.

இனி போக நினைப்பவர்களுக்கு. பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். தை, மாசி மாதக் காலைகள் நல்லது, வெயில் ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறுகிறது. முழுப் பாதையையும் ஒரே நாளில் சுற்றினால்தான் கணக்கு என்று உங்களிடம் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். எங்கள் பிரிவு உங்களுக்கும் சரிப்படும்: ராஜகோபுரத்திலிருந்து செங்கம் சாலைத் திருப்பம், அங்கிருந்து அடி அண்ணாமலை, அங்கிருந்து கோயில். உட்காரும் இடங்கள் வழியெங்கும் உண்டு, கழிப்பறை எல்லா இடத்திலும் கிடையாது, எனவே கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பாதம் இழுபடுகிறவருக்கு வெறுங்கால் வேண்டாம். ஆட்டோவைக் காலை முழுவதற்கும் பேசிவிடுங்கள், மனசுக்குத் தெம்பு. தாடியும் வேட்டியுமாக ஒருவரை அழைத்துப்போனால் தனியாக மரத்தடியில் விடாதீர்கள். அல்லது விட்டுப் பாருங்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேச்சு போனவரோடு போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. அவர் சொல்ல வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள்.

அண்ணன் பயிற்சிக்கு மறுபடி போகிறார். தெருவில் நடக்கிறார். ஆசி கேட்டு வந்தவர்களிடம் ‘திரும்பு’ என்று சொல்லியே அனுப்பிவிட்டார், இப்போது யாரும் வருவதில்லை. நேற்று மாலை நான் தாம்பரத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு. அண்ணிதான் என்று நினைத்து எடுத்தேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ‘சி’ என்று ஓர் எழுத்து. ரயில் வந்தது. கூட்டம் என்னை இடித்துக்கொண்டு ஏறியது, ரயில் போய்விட்டது. நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், நடைமேடையிலேயே நின்றேன்.

“சி… சித்ரா,” என்றார் அண்ணன். “சாப்ட்டியா?”